பானோ இறங்காத படகு

மெல்சோருக்கு ஜோடிகளைப் பிடிக்காது. பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, ஜோடிகளை ஏற்றித்தான் சோறு தின்றான். முதுகில் ஆளுயரப் பையோடு வந்து இறங்குவார்கள். தீவு தீவாகப் போக வேண்டும், கூட்டமே இல்லாத இடமாக வேண்டும், மணல் வெள்ளையாக வேண்டும் என்பார்கள். முதல் தீவில் கைகோத்து நடப்பார்கள். அடுத்த தீவில் கொசு மருந்தை எவர் மறந்தது என்று சண்டை வரும். அதற்கடுத்த தீவில் ஆளுக்கொரு பாறை. கடைசி நாள் படகை விட்டு இறங்கும்போது மட்டும் மறுபடி கைகோத்துக்கொண்டு, "சொர்க்கம் குயா, சொர்க்கம்!" என்று அவன் தோளைத் தட்டுவார்கள். அண்ணனைக் குயா என்று கூப்பிட எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கேட்கக் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். அதை மெல்சோர் வெளியே சொல்ல மாட்டான்.

"சொர்க்கத்துல போயி பாறைக்கு ஒருத்தரா உக்காந்து மொறைச்சுக்கிட்டாங்களே, அதச் சொல்ல மாட்டாங்க பாரு" என்பான் பானோ.

பானோ படகின் மூக்கில் உட்காருகிறவன். மெல்சோர் வாலில் நின்று சுக்கான் பிடிப்பான். நடுவில் கூரைத் துணி, பைகள், சமையல் பெட்டி எல்லாம் குவிந்திருக்கும். வாலிலிருந்து பார்த்தால் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கடலுக்கடியில் பவளக் கல் எங்கே முளைத்திருக்கிறது என்று பானோதான் பார்ப்பான். இடது கையைத் தூக்கினால் இடது, வலது கையைத் தூக்கினால் வலது. கூரைக்கு மேலே அந்தக் கை மட்டும் தெரியும். அந்தக் கையை நம்பி மெல்சோர் பாதி ஆயுசை ஓட்டிவிட்டான். பானோவுக்கு வீடு கிடையாது, பெண்டாட்டி கிடையாது. படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி, இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் சிறகில் துணி காயப் போட்டு வாழ்ந்தான். வெளுத்துப்போன மஞ்சள் பனியன் ஒன்றுதான் சொத்து, அப்புறம் ஒரு சேவல்.

அந்தச் சேவல்தான் அவனை அனுப்பியது. சேவல் சண்டையில் அது ஒருநாளும் ஜெயித்ததில்லை. அன்றைக்கு ஜெயித்துவிட்டது. பானோ எழுந்து நின்று கையைத் தூக்கி ஒரு கத்துக் கத்தினான், அப்படியே பின்னால் சாய்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷத்தில் விழுந்துவிட்டான் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

அடக்கம் முடிந்த காலையில் மெல்சோருக்கு மனைவியிடமிருந்து ஃபோன் வந்தது. சோலிங் நிறைமாதக்காரி. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் அழாமலே போயின. இரண்டு முறையும் மெல்சோர் ஏதோ ஒரு துக்க வீட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வந்திருந்தான் என்று சோலிங்குக்கு ஞாபகம். துக்க வீட்டுக்குப் போனவன் வழியில் எங்காவது நின்று, நாலு பேர் நடமாடும் இடத்தில் ஒரு காபியாவது குடித்து, கூட ஒட்டி வந்த ஆவியை அங்கே உதறிவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த சங்கதி. அவன்தான் அப்போது சோம்பேறித்தனம் பண்ணியிருந்தான்.

"ரொட்டிக் கடையில நின்னு ஒரு பன்னு தின்னுட்டு வந்துடாத" என்றாள் சோலிங். "பானோ ஒட்டுனா ஒட்டுன ஆளு. நல்லா தூரமாப் போயி உதறு. உதறாம என் வாசலுக்கு வந்தே, அருவாமணையால வரவேற்பேன்."

"சரிடி. தீவு தீவாப் போயி உதறிட்டு வரேன். போதுமா?"

அதைத்தான் செய்தான். துறையில் ஒரு ஜோடி காத்திருந்தது. பின்லாந்து என்றார்கள். பெண் பெயர் ஐனோ, ஆண் பெயர் பெக்கா. இருவரும் துறைக்கு வரும்போதே பேச்சு நின்றிருந்தது. அந்த ஊரில் பேச்சுக்கு வரி போடுவார்கள் போல என்று மெல்சோர் நினைத்துக்கொண்டான். மூக்கில் உட்கார வேறு ஆள் தேடினான். எல்லோரும் பானோவின் துக்கத்தில் குடித்து மல்லாந்திருந்தார்கள். போனால் போகிறது, தெரிந்த கடல்தானே என்று கிளம்பிவிட்டான்.

முதல் தீவில் இறங்கியதும், எல்லோரும் செய்வதுபோலப் புதருக்கு முன்னால் நின்று கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் அனுமதி கேட்டான். "கொஞ்சம் நகந்துக்குங்க ஐயா, நாங்க வந்துட்டுப் போயிடறோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்புறம், ஒருத்தனைக் கொண்டாந்திருக்கேன். நல்லவன். கொறட்டை மட்டும் விடுவான். வெச்சுக்குங்க" என்றான். சட்டையைக் கழற்றி மூன்று உதறு உதறினான். வேலை முடிந்தது என்று மீன் பொரிக்கப் போனான்.

ஐனோ மூன்று தட்டில் சோறு போட்டுவிட்டு நான்காவது தட்டை எடுத்தாள்.

"அது யாருக்கும்மா?"

"அந்தக் குயாவுக்கு. அவர் சாப்பிட வரலையே."

"எந்தக் குயா?"

"முன்னாடி மூக்குல உக்காந்திருக்காரே. மஞ்சள் பனியன். ஒரு வார்த்தை பேசல மனுஷன். கல்லு வந்தப்ப உதட்டைக் குவிச்சு இப்படிக் காட்டினார் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு." அவள் உதட்டைக் குவித்துத் தென்னை மரத்தைக் காட்டினாள். இந்தத் தீவுகளில் பிறந்தவர்கள் எல்லோரும் விரலை மிச்சம் பிடிக்க அப்படித்தான் காட்டுவார்கள். அவளுக்குச் சரியாக வரவில்லை, முத்தம் கொடுப்பதுபோல வந்தது.

மெல்சோரின் கையில் கரண்டி நின்றது. பெக்காவைப் பார்த்தான். "நீங்க பாத்தீங்களா சார்?"

"நான் யாரையும் பாக்கல" என்றான் பெக்கா. "ஆனா ரெண்டு நாளா நான் இவளையே பாக்கல."

பொரித்த மீன் கருகும் வாசனை வந்த பிறகுதான் மெல்சோருக்கு இன்னொன்று உறைத்தது. வரும் வழியில் குதிரைக்கல் திட்டில் படகை இடது பக்கம் திருப்பினான். திருப்பாவிட்டால் அடிப்பலகை கிழிந்திருக்கும். வாலிலிருந்து அந்தக் கல் தெரியாது. கூரைக்கு மேலே ஒரு கை எழுந்தது, அவன் திருப்பினான். பழக்கம். எழுந்த கை யாருடையது என்று கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அடுத்த தீவு. இந்த முறை மெல்சோர் தந்திரம் பண்ணினான். கரையில் ஒரு பாட்டில் ஜின், பானோவுக்குப் பிடித்த மீன் தலை இரண்டு, கொஞ்சம் சுருட்டு எல்லாம் இலையில் வைத்தான். "பானோ, வா. உக்காந்து நிதானமாக் குடி. அவசரமே இல்ல" என்று தேனாகப் பேசினான். பிறகு பூனைபோலப் பின்னால் நடந்து, தண்ணீரில் இறங்கி, தாவி ஏறி, எஞ்சினைத் தட்டிக் கிளப்பினான். இவ்வளவு நேர்த்தியாக ஓடிவந்ததில் ஒரு சின்னக் குறை. பெக்காவைக் கரையிலேயே விட்டுவிட்டான்.

ஒற்றைச் செருப்போடு அவன் மணலில் நின்று கத்தினான். ஐனோ அதைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. "கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பலாம் குயா" என்றாள்.

திரும்பி வந்து பெக்காவை ஏற்றினார்கள். அவன் கோபத்தில் ஐனோவைத் திட்ட ஆரம்பித்து, எங்கோ நடுவில் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். இரண்டு நாள் வரியை மொத்தமாகக் கட்டிவிட்டதுபோல அவர்கள் பேசித் தீர்த்தார்கள். மெல்சோருக்கு அதைக் கேட்க நேரமில்லை. நங்கூரக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவன் அவசரத்தில் குப்பையாக அள்ளிப் போட்டிருந்தான். இப்போது அது வட்ட வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சுருள் இடது பக்கமாக ஓடியது. இடதுகைக்காரன் சுருட்டினால்தான் அப்படி வரும். இந்தப் படகில் இடதுகைக்காரன் ஒருவன்தான் இருந்தான்.

அப்போதுதான் மெல்சோருக்குத் தன் முட்டாள்தனம் முழுசாகப் புரிந்தது. துக்கத்திலிருந்து திரும்புகிறவன் வேறு எங்காவது போய் உதற வேண்டும். அவனோ பானோவை நேரே பானோவின் வீட்டுக்கே கூட்டி வந்திருக்கிறான். பேய்க்குப் பயந்தவன் சுடுகாட்டில் போய்ப் பாயை விரித்தானாம், அந்தக் கதை. பானோ இவனைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. அவன் பாட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறான்.

படகு கொஞ்சம் முன்பக்கமாகத் தாழ்ந்தே ஓடியது. மூக்கில் ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு தாழுமோ அவ்வளவு.

எதிரே கோரிங்கின் படகு வந்தது. கோரிங் வாயாடி, அடக்கத்தன்று குடித்த தலைவலியோடு கடலுக்கு வந்திருந்தான்.

"பரே, கூட்டாளி!" என்று தூரத்திலிருந்தே கத்தினான். "பரவாயில்லையே, அதுக்குள்ள மூக்குக்கு ஆள் பிடிச்சுட்டியா? யாருடா அது? டேய் புதுப் பையா, இந்த ஆளு சம்பளத்துக்குப் பதிலா கருவாடு குடுப்பான், சாக்கிரதை! இங்க திரும்புடா, மூஞ்சியக் காட்..."

அதோடு நின்றது. இரண்டு படகும் பக்கத்தில் வந்திருந்தன. கோரிங் மெல்சோரின் படகின் மூக்கைப் பார்த்தபடி, வாய் திறந்தபடி, மெதுவாக நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் படகை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனான். கோரிங் வாயை மூடியதை மெல்சோர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தான். அது அவனை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

முனையைத் தாண்டியதும் ஃபோனில் சிக்னல் விழுந்தது. சோலிங்கிடமிருந்து ஒரே வரி: "வலி கண்டாச்சு. உதறிட்டு வா."

சுக்கானைத் திருப்பினான். ஜோடியிடம் சொன்னபோது அவர்கள் மிச்சத் தீவுகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெக்கா சூடேறிய எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினான். ஐனோ மூக்குப் பக்கம் பார்த்து, "அவருக்கும் அவசரம் தெரியுது, எழுந்து நிக்கறார்" என்றாள்.

மெல்சோரின் வீடு கழிமுகத்தில், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடு. மதியம் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதுமாக இருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டான். அதற்கு மேல் நெருங்க அவனுக்குக் கால் வரவில்லை.

ஜன்னலில் சோலிங்கின் தலை தெரிந்தது. முடி முகத்தில் ஒட்டியிருந்தது. "உதறிட்டியா?"

அவளிடம் பொய் சொல்ல அவனால் முடிந்ததே இல்லை. "இல்லடி!"

"ரெண்டு நாளா என்ன புடுங்கினே?"

"முயற்சி பண்ணேன்டி! இறங்க மாட்டேங்கறான்!"

"அப்ப அங்கயே கெட! ஒரு அடி எடுத்து வெச்சே..." மீதி, வலியில் ஓர் ஊளையாகப் போயிற்று. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஐனோவும் பெக்காவும் அவனைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். சேவலிலிருந்து கயிறு வரை. சிரிப்பார்கள் என்று நினைத்தான். பெக்கா மட்டும் மூக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக நாலடி தள்ளி உட்கார்ந்தான். ஐனோ, "அப்ப நாங்க போறோம். எங்களுக்கு யாரும் செத்துப் போகலையே" என்றாள். "குழந்தை அழுதா நாங்க ரெண்டு பேரும் நடைபலகையில நின்னு கையைத் தூக்கி ஆட்டறோம். சரியா குயா?"

அழாவிட்டால் என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போனார்கள்.

மெல்சோர் தனியாக உட்கார்ந்தான். தனியாக என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து அவளுடைய சத்தம் வந்து வந்து போயிற்று. பிறகு ஒரு பெரிய சத்தம். அதன் பிறகு எதுவும் இல்லை. இந்த மௌனம் அவனுக்குத் தெரியும். இரண்டு முறை இதே வீட்டில், கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான்.

அந்த மௌனத்தில் படகின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. ஒரு சாண். யாரோ இறங்கியதுபோல. சாயும் வெயிலில் தண்ணீரில் ஒரு கோடு, இடுப்பளவு ஆழத்தில் ஓர் ஆள் நடந்தால் விழுமே அந்தக் கோடு, படகிலிருந்து வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவசரம் இல்லாமல். பானோவுக்குக் குழந்தை பார்க்க ஆசை. மூன்று மாதமாக மூங்கிலில் ஒரு கிலுகிலுப்பை செதுக்கிக்கொண்டிருந்தவன் அவன். கெட்ட எண்ணமே இருக்காது. முதல் இரண்டு முறை கூட வந்தவர்களுக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது.

"டேய் பானோ!" என்று கத்தினான் மெல்சோர். "வாடா இங்க! நாயே, சொல்றேன்ல!"

கோடு நிற்கவில்லை. வீட்டுக் கால்களை நெருங்கிக்கொண்டிருந்தது. மெல்சோர் குதிக்கப் போனான். குதித்து என்ன செய்வது, எதைப் பிடித்து இழுப்பது? அவனே அந்த வாசலில் போய் நின்றால் அது இன்னும் மோசம். அப்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு வருஷத்தில் பானோ இல்லாமல் இந்தப் படகு ஒருநாள்கூடக் கிளம்பியதில்லை. எஞ்சின் சத்தம் கேட்டால் அவன் எங்கே இருந்தாலும், கழிவறையில் இருந்தாலும் சேவலோடு இருந்தாலும், ஓடிவந்து விழுந்தடித்து ஏறிவிடுவான்.

நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டான். எஞ்சினைக் கிளப்பினான். தன் பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு முதுகைக் காட்டி, படகைக் கடல் பக்கம் திருப்பினான்.

"நான் கிளம்பறேன்டா!" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினான். "கல்லு இருக்கு முன்னாடி, எனக்குத் தெரியல! ஏறப்போறியா இல்லியா?"

எஞ்சின் இரைச்சலில் வீட்டுச் சத்தம் எதுவும் கேட்காது. குழந்தை அழுதாலும் கேட்காது. அது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. கண்ணை மறைத்த தண்ணீரோடு ஓட்டினான். கழிமுகத்து வாயில் முழுக்கக் கல். படகு அதை நோக்கி நேராகப் போயிற்று. திருப்புகிற எண்ணமே அவனுக்கு இல்லை.

தடால் என்று மூக்கு தாழ்ந்தது. படகே ஒரு குலுங்கு குலுங்கியது. கூரைக்கு மேலே வலது கை எழுந்தது, வலது பக்கம் திருப்பினான். இடது, திருப்பினான். மறுபடி வலது. கல்லெல்லாம் பின்னால் போயிற்று.

வாயைத் தாண்டி, எதிரே இருக்கும் மொட்டைப் பாறையின் மறைவில் படகைச் சேர்த்து, அங்கே மீன்பிடிக்காரர்கள் அடித்து வைத்திருந்த இரும்பு வளையத்தில் கட்டினான். அங்கிருந்து வீடு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. நடைபலகையில் யாரும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். மூக்கிலும் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நடைபலகையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒட்டி நின்றதில் ஒரே ஆள்போலத் தெரிந்தார்கள். நாலு கையும் மேலே எழுந்து, பைத்தியம் பிடித்ததுபோல ஆடின.

மெல்சோர் மூக்குப் பக்கம் திரும்பினான். "பாத்தியாடா?" என்றான். மூக்கு ஒருமுறை மெல்ல ஆடியது.

"கேளு பானோ. எனக்கு உன்னை உதறத் தெரியல. உனக்கும் போற இடம் இல்ல. படகை நீயே வெச்சுக்க. நான் போறேன். எஞ்சினை எடுக்க மாட்டேன், கூரையை எடுக்க மாட்டேன். நீ மட்டும் அந்த வீட்டுப் பக்கம் வராத." கட்டிய முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். "வந்தா அவ அருவாமணையால வெட்டுவா. உனக்குத் தெரியும்ல அவளை."

சட்டையைக்கூட எடுக்காமல் தண்ணீரில் குதித்து நீந்தினான். பாதி வழியில் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தண்ணீரில் அவன் பின்னால் எந்தக் கோடும் வரவில்லை.

வாசலில் சொட்டச் சொட்ட நின்றவனை மருத்துவச்சி மறித்தாள். உள்ளேயிருந்து சோலிங், "உதறிட்டானான்னு கேளு" என்றாள்.

"அவனை உதறல" என்றான் மெல்சோர். "படகை உதறிட்டேன்."

அவர்களுக்கு அந்தப் படகைத் தவிர ஒன்றும் கிடையாது. "உள்ள வா" என்றாள் சோலிங், வேறு குரலில். "பொண்ணு. தொண்டை என்னை மாதிரி. ஊரே கேட்டுச்சு, நீதான் கேக்கல."

ஜோடி மறுநாள் கப்பலேறியது. சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஐனோ மொட்டைப் பாறைப் பக்கம் உதட்டைக் குவித்துக் காட்டினாள். இந்த முறை அவளுக்குச் சரியாக வந்திருந்தது.

மெல்சோர் இப்போது கோரிங்கின் படகில் மூக்கு ஆள். கல் பார்த்துக் கை தூக்குகிறான். கோரிங் அவனை எல்லா விஷயத்துக்கும் கிண்டல் செய்வான், அந்த ஒரு விஷயத்தைத் தவிர. பாறை மறைவில் அந்தப் படகு இன்னும் கிடக்கிறது. ஆள் ஏறி நீர் இறைக்காத படகு ஒரு மழைக்காலம் தாங்காது, மூழ்கிவிடும். அது எத்தனையோ மழையைப் பார்த்துவிட்டது. உள்ளே சொட்டு நீர் நிற்பதில்லை என்று வலை போடப் போகிறவர்கள் சொல்கிறார்கள். தூரத்திலிருந்துதான் சொல்கிறார்கள்.

முதுகில் பையோடு வரும் ஜோடிகள் அந்த வழியாகப் போகும்போது கட்டாயம் கேட்பார்கள். "குயா, அழகா இருக்கே, சும்மாதானே கெடக்கு? அதுல ஏறிப் போகலாமா?"

மெல்சோர் அந்தப் பக்கம் பார்க்காமலே பதில் சொல்வான்.

"இல்லம்மா. அதுல ஆள் இருக்கு."